டேப் சுற்றிய ஒயர்

எங்கள் தெரு ஜெனரேட்டருக்கு ரோஷம் அதிகம். கொஞ்சம் சூடு ஏறினால் போதும், முதலில் ஹாரனை அலறவிடும். ஹாரன் ஓய்வதற்குள் டீசல் தானாக அடைபட்டு இன்ஜின் குலுங்கி நின்றுவிடும். அதோடு தெருவில் ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் படுத்துவிடும். பஸ்ராவில் ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் கரண்ட் போனால் மனிதர்கள் வாயிலிருந்து என்னென்ன வரும் என்பதை இங்கே எழுத முடியாது. எழுதினால் என் மகள் வஸன் என்னோடு பேச மாட்டாள்.

"அபு வஸன்! உங்க மாப்பிள்ளை மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரா?" என்று எதிர் மாடியிலிருந்து ஒருத்தி கத்துவாள்.

"மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்புங்க! எம்புள்ளைங்க வேர்வையில மிதக்குதுங்க!" என்பாள் பக்கத்து மாடிக்காரி.

அபு வஸன், அதாவது வஸனின் அப்பா, என் புருஷன் ஸாச்சித். சர்க்கார் கரண்டை நம்ப முடியாத எங்கள் தெருவுக்கு மாதக் காசுக்கு லைன் கொடுக்கும் ஹாஜி முஸ்ஹிருக்குத்தான் இன்ஜின் சொந்தம், அதைக் கட்டி மேய்த்தது இவர். துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவர். எங்கள் சமையலறைக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். என் அலமாரியில் டம்ளர்கள் நடுங்குகிற நடுக்கத்தை வைத்தே தெருவில் எத்தனை வீட்டில் ஏசி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். இப்படி ஒரு வித்தை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இன்ஜின் சூடாவதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதைக் குடித்துக் குடித்து ரேடியேட்டரின் உள்ளே காறை பிடித்துப்போயிருந்தது. புதுசு வாங்கிப் போடுங்கள் என்று இவர் சொல்ல, கோடை முடியட்டும் என்று ஹாஜி சொல்ல, அப்படியே கோடைகள் போய்க்கொண்டிருந்தன. அதுவரை இன்ஜினுக்குக் காவல், அதன் தலையில் செருகியிருந்த ஒரு பித்தளைக் குமிழும் அதிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரும்தான். தண்ணீரின் சூடு எல்லை தாண்டினால் குமிழ் அந்த ஒயர் வழியாக ஹாரனுக்குச் சொல்லும், டீசலை அடைக்கும் வால்வுக்கும் சொல்லும்.

தெருவே அந்த ஹாரனைச் சபித்தது. எனக்கு மட்டும் அது பிடிக்கும். ஏனென்றால் அது அலறினால் இவர் வீட்டுக்கு வருவார். இன்ஜின் ஆறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை அல்லவா? கொட்டகையிலிருந்து முகம் செங்கலாகச் சிவந்து வருவார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நான் தரும் உப்புப் போட்ட மோரை மடமடவென்று குடித்துவிட்டு, சமையலறைத் தரையில் பாய்கூட விரிக்காமல் மல்லாந்து படுப்பார். வெளியே ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

"கேக்குதா நூரிய்யா? உன் அப்பன் வீட்டைத் தவிர எல்லாரையும் இழுத்துட்டாங்க."

"படுங்க. பேசாம படுங்க," என்பேன்.

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ரொம்பக் கொதிக்கிற நாளில் மூன்று தடவை இன்ஜின் நிற்கும். இவரும் படுப்பார். எங்கள் கோடைகள் அப்படித்தான் கழிந்தன.

பிறகு ஹாஜா வப்ரிய்யா காலமானார். எங்கள் தெரு ஸத்தாரின் அம்மா, தெருவிலேயே வயதானவர், யாரும் ஒரு குறை சொல்ல முடியாத கிழவி. பிள்ளைகளோ அப்படியில்லை. ஸத்தாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவன் பின்னால் ஒரு பெரிய குலமே நிற்கும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். ஆண்களுக்குப் பந்தல், பெண்களுக்கு வீட்டின் உள்ளே. இறந்தவருக்காகக் கூடி ஓதும் ஃபாத்திஹா மூன்று நாள். பந்தலின் நான்கு மூலையிலும் ஆளுயரத்துக்கு ஏர்கூலர் காற்றுப்பெட்டிகளை நிறுத்தினார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் சாவு விழுந்தால் பந்தலுக்கு ஜெனரேட்டர்காரர் இலவசமாக லைன் கொடுத்துவிட வேண்டும். அந்த மூன்று நாளும் கரண்ட் போகக்கூடாது. ஓதிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி பாதியில் செத்தால் அது இறந்தவருக்கு அவமரியாதை. அவமரியாதை என்றால் சும்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிற விஷயமில்லை. இரண்டு குலத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து நியாயம் பேசுகிற அளவுக்குப் போகும். பக்கத்துப் பேட்டையில் போயிருக்கிறது.

முதல் நாள் காலையிலேயே ஹாஜி முஸ்ஹிர் கொட்டகைக்கு வந்துவிட்டார். நான் மோர் கொண்டுபோன சாக்கில் கதவோரம் நின்றுகொண்டேன்.

"அபு வஸன், இந்த மூணு நாளும் அந்த ஹாரன் சத்தம் கேக்கக் கூடாதுப்பா."

"ஹாரன் என் பேச்சைக் கேக்காது ஹாஜி. தண்ணி கொதிச்சா அது கத்தும்."

"அந்த ஒயரைக் கழட்டிடு."

இவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கழட்டிட்டா சூட்டை யார் பாக்குறது?"

"நீ பாரு. மீட்டர் இருக்கு, ஊசி இருக்கு. சிவப்புக்குக் கிட்ட போனா ரெண்டு வீட்டு லைனை இறக்கு, ரேடியேட்டர் மேல தண்ணி அடி. முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் பாத்த ஆளு நீ. ஒரு பித்தளைக் குமிழுக்குத் தெரியறது உனக்குத் தெரியாதா?"

ஆண்பிள்ளைகளை எங்கே தட்டினால் எழுந்து நிற்பார்கள் என்று ஹாஜிக்குத் தெரியும். இவர் ஸ்பானரை எடுத்தார், ஒயரைக் கழற்றினார். நுனியில் கறுப்பு டேப் சுற்றி, இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஒரு நிமிஷ வேலை.

ஹாஜி போனதும் சண்டைக்கு நின்றேன்.

"நீங்க என்ன மனுஷனா, ஸ்விட்ச்சா?"

"மூணு நாள்தானே, நூரிய்யா."

"இந்தக் கொட்டகையில மூணு மணி நேரம் தொடர்ந்தாப்புல உக்காந்திருக்கீங்களா என்னைக்காவது? தகரக் கூரை. ரேடியேட்டர் அனல் நேரா மூஞ்சியில அடிக்குது. வெளியிலயே ரோட்டுல தார் உருகுது."

"ஹாஜா வப்ரிய்யா நம்ம வஸன் பொறந்தப்ப உன் பக்கத்துல உக்காந்திருந்தவ. அவளுக்காக ஒரு மூணு நாள் வேர்த்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

தடியான துணியாகப் பார்த்து ஒரு துண்டை நனைத்துக் கொடுத்தேன். அதைத் தலையில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை மீட்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் இன்ஜின் நிற்கவே இல்லை. தெருவில் ஆச்சரியம் தாங்கவில்லை. "அபு வஸன் மனசு வச்சா நடக்கும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் எதிர் மாடிக்காரி. இத்தனை வருஷம் இவர் மனசு வைக்காமல்தான் நின்றதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தலிலிருந்து ஸத்தாரே கொட்டகைக்கு வந்து, "உங்க கையை முத்தமிடணும் அண்ணே" என்றானாம். இவர் அதை என்னிடம் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

"ஒரு வாய் சாப்பிடுங்க."

"குமட்டுது. காலையில சாப்பிடறேன்."

இரண்டாம் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தபோது துண்டு தலையில் காய்ந்து விறைப்பாக இருந்தது. மறுபடி நனைத்துப் போட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் முழுக்க ஊசியில்தான். உள்ளே வாருங்கள், பத்து நிமிஷம் படுங்கள் என்று அவர் காதோரம் குனிந்து கத்தினேன். ஊசியைக் காட்டினார். சிவப்புக்கு ஒரு விரல் அகலம் இருந்தது. எழுந்தால் அது தாண்டிவிடும் என்று கையாலேயே சொன்னார்.

அங்கிருந்து நேராக ஹாஜி முஸ்ஹிரின் வீட்டுக்குப் போனேன். அவர் பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், துவைத்த வெள்ளை அங்கியும் கையில் ஜபமாலையுமாக.

"ஹாஜி, அந்த ஒயரை மாட்டச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை நின்னா யாரும் செத்துட மாட்டாங்க."

"உம்மு வஸன், நாளைக்கு இமாராவிலிருந்து அவங்க குலத்துப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க. அவங்க உக்காந்திருக்கும்போது நின்னா என் தாடிக்கு என்ன மரியாதை? நீயே சொல்லு."

"உங்க தாடிக்கு மரியாதை வேணும்னா நீங்க போய் அந்த நாற்காலியில உக்காருங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர், அதையும் சொல்ல வேண்டும். ஜபமாலையை உருட்டிக்கொண்டே, "மாத்திக்க ஒரு ஆள் போடறேன். உன் கொழுந்தன் நயீமைக் கூப்பிடு. சும்மாதானே இருக்கான்" என்றார்.

நயீம் என் புருஷனுக்குத் தம்பி. நாலு குழந்தை, நிலையான வேலை கிடையாது. அன்று மாலை வந்தான். ஆனால் இவர் அவனை நம்பி நாற்காலியைக் கொடுக்கவில்லை. தண்ணீர் அடிக்க, டீசல் ஊற்ற என்று ஓடவிட்டாரே தவிர, ஊசியை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்ஜினின் உயிரை அடுத்தவன் கையில் கொடுக்க மனம் வராத ஜென்மம். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மூன்றாம் நாள் நான் ஸத்தார் வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருக்க முடியாது. ஒப்பாரி சொல்லும் முல்லாயா நடுவில் நின்று பாட, நாங்கள் மார்பில் தட்டிக்கொண்டு அழுதோம். வெளியே பந்தலில் இமாராப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். காற்றுப்பெட்டி நான்கு போதாதென்று இன்னும் இரண்டு வைத்திருந்தார்கள். ஓதுபவரின் குரல் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. இந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில் இன்ஜினின் சத்தம் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அது எப்போதும் என் காதில் ஓடும்.

திடீரென்று அந்தச் சத்தம் கனத்தது. சுமை ஏறிய கழுதை மேட்டில் மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து ஓடியது. இந்த மாதிரி ஓடினால் இவர் உடனே இரண்டு வீட்டு லைனை இறக்கிவிடுவார், சத்தம் லேசாகிவிடும். நான் காத்திருந்தேன். லேசாகவில்லை. இன்னும் கனத்தது.

எழுந்துவிட்டேன். முல்லாயா பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுவது மரியாதையில்லை. ஸத்தாரின் பெண்டாட்டி என் அபாயாவைப் பிடித்து இழுத்தாள். "எங்கக்கா போறீங்க?" உதறிவிட்டு ஓடினேன். பந்தலில் அத்தனை ஆண்கள் பார்க்கச் செருப்பில்லாமல் ஓடினேன்.

கொட்டகைக் கதவைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. நயீம் இல்லை. டீசல் கேன் எடுக்க ஹாஜியின் கிடங்குக்குப் போயிருந்தானாம், பிறகு சொன்னான். இவர் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. பார்வை மீட்டரின் பக்கம்தான். ஊசி சிவப்புக்குள் முழுசாகப் போயிருந்தது, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. இவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அபு வஸன்!"

தொட்டேன். நெற்றி கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. மூன்று நாளாக அருவியாக ஊற்றிய வேர்வை முழுசாக வற்றிவிட்டிருந்தது. உதடு அசைந்தது. என்னவோ முணுமுணுத்தார். குனிந்து கேட்டேன். "கயிறை விடு, கயிறை விடு" என்றார். அவர் மனதில் எந்தப் படகு ஓடியதோ.

இன்ஜினின் பக்கத்தில் சிவப்பு உருண்டை வைத்த ஒரு கைப்பிடி இருக்கும், கையால் நிறுத்துவதற்கு. அதைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன். இன்ஜின் குலுங்கி நின்றது. தெருவில் ஓதுபவரின் குரல் ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது.

அப்படி ஓர் அமைதியை அந்தத் தெருவில் நான் கேட்டதில்லை. பிறகு ஓடிவரும் காலடிச் சத்தம்.

"எவன்டா நிறுத்தினது? எங்கம்மா ஃபாத்திஹாவுல எவன்டா நிறுத்தினது?" ஸத்தார்தான் முதலில் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். அவன் பின்னால் ஹாஜி முஸ்ஹிர். ஹாஜி நேராக இன்ஜினிடம் போனார். ஆவியைக் கையால் விலக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், இன்ஜின் உள்ள இறுகிப் பிடிக்கல. நல்ல நேரத்துல நிறுத்தினே தாயி. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா இன்ஜின் செத்திருக்கும்."

"ஹாஜி," என்றேன். "இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க. இங்க ஒரு மனுஷன் இருக்கார்."

அப்போதுதான் பார்த்தார். ஸத்தார் அதற்குள் பார்த்துவிட்டான். அந்தக் கோபக்காரன் என் புருஷனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அள்ளிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான். விருந்தாளிகளுக்குக் குடிக்க ஐஸ் பாளங்களைப் போட்டு வைத்திருந்த பெரிய தொட்டியை அப்படியே அவர்மேல் கவிழ்த்தான். இமாராப் பெரியவர்கள் எழுந்து நின்று தங்கள் தலைத்துணிகளை அவிழ்த்து விசிறினார்கள். நான் ஐஸ் துண்டுகளை எடுத்து அக்குளில் வைத்தேன், கழுத்தில் வைத்தேன், அழுத்தித் தேய்த்தேன். "கண்ணைத் திறங்க, மோர் வச்சிருக்கேன், வாங்க வீட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். ஸத்தாரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம்.

மாலைத் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இளைஞர், என்னைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். உடம்பு ஓர் அளவுக்குமேல் சூடாகிவிட்டால் உள்ளே ஒவ்வொன்றாக நின்றுவிடுமாம். முன்னாலேயே தலைவலி, வாந்தி, மயக்கம் என்று அது சொல்லியிருக்குமே, நீங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்டார். கவனித்தேன் தம்பி, நான் கவனித்தேன், என்று சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பந்தலைப் பிரிக்கவில்லை. ஸத்தார்தான் பிரிக்க வேண்டாம் என்று சொன்னான். ஹாஜா வப்ரிய்யா பெயர் எழுதித் தெருமுனையில் தொங்கிய கறுப்புத் துணியை மட்டும் இறக்கிவிட்டு, என் புருஷன் பெயரை மஞ்சளில் எழுதிய இன்னொன்றை ஏற்றினார்கள். அதே நாற்காலிகள், அதே காபிக் கிண்ணங்கள், அதே காற்றுப்பெட்டிகள். அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் திரும்பியதும் ஹாஜி முஸ்ஹிர் எங்கள் வாசலுக்கு வந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். உண்மையாகவே அழுதார்.

"அபு வஸன் எனக்குக் கூடப்பிறந்த மாதிரி. அவனோட மூணு நாளும் இன்ஜின் ஒரு நிமிஷம் நிக்காது உம்மு வஸன். அது என் பொறுப்பு. நான் சத்தியம் பண்றேன்."

"நிக்கணும்," என்றேன்.

"என்ன?"

"அந்த ஒயரை மாட்டுங்க. சூடாச்சுன்னா அது கத்தட்டும், நிக்கட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கட்டும். ஒயரை மாட்டலைன்னா இந்தப் பந்தல் வேணாம். பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க."

"வர்றவங்க என்ன நினைப்பாங்க தாயி?"

"வேர்க்குதுன்னு நினைப்பாங்க."

மாட்டினார்கள். முதல் நாள் மத்தியானம் ஓதிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அலறியது. இன்ஜின் நின்றது. ஓதுபவர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் தொடர்ந்தார். மாடியிலிருந்து யாரும் கத்தவில்லை. பந்தலில் ஒரு ஆண்கூட எழுந்து போகவில்லை என்று வஸன் வந்து சொன்னாள். வேர்த்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்திருந்தார்களாம். நான் அப்போது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஹாரன் கேட்டதும் ஃபிரிட்ஜைத் திறந்து மோர்ச் சட்டியைக் கையில் எடுத்திருந்தேன். வஸன் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

இரண்டாம் நாளும் நின்றது. அப்போது பந்தலில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் இருமினார். ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் துறைமுகத்திலிருந்து இவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், ஒரு பெரிய அதிகாரியும் வந்தார். மத்தியானம் ஹாரன் அலறியது, இன்ஜின் நின்றது. பெண்கள் விசிறிகளை எடுத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இன்னும் அரை மணி நேரம் அது எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சற்றைக்கெல்லாம் எழுந்துவிட்டது.

அலமாரியில் டம்ளர்கள் நடுங்கத் தொடங்கின. அதற்குள் எப்படி ஆறும்? அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். குமிழ் விட்டிருக்காது. ஒயர் மாட்டியிருந்தால் அது ஓடியிருக்கவே முடியாது.

நான் புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள், வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. கறுப்பு அபாயாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கொல்லை வழியாகக் கொட்டகைக்குப் போனேன். மீட்டருக்கு எதிரே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நயீம் உட்கார்ந்திருந்தான். தலையில் ஈரத் துண்டு. ஒயர் பக்கத்தில் தொங்கியது, நுனியில் புது டேப்.

என்னைக் கண்டதும் பாதி எழுந்தான். "அண்ணி... நான் வேணாம்னுதான் சொன்னேன். பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. அண்ணன் ஃபாத்திஹாவுல கரண்ட் போச்சுன்னா அண்ணனுக்குத்தானே மரியாதைக் குறைச்சல்? எல்லாரும் அதான் சொன்னாங்க. அண்ணன் மரியாதைக்காகத்தான் அண்ணி."

சிவப்பு உருண்டையில் கை வைத்தேன். அவன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு தொட்டது தப்பு என்று உணர்ந்து உடனே விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நிறுத்தாதீங்க அண்ணி. ஹாஜி இந்த வேலையை எனக்கே தர்றேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு நின்னா தர மாட்டாரு. புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அண்ணனின் அதே நெற்றி, அதே புருவம். அதில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறவரை பரவாயில்லை என்று நினைத்தேன். கவிழ்ந்து கிடந்த டீசல் கேன் ஒன்றை மறு கையால் இழுத்து, அவன் நாற்காலிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணி பண்றீங்க? உள்ள போங்க. யாராவது பாத்தா என்ன சொல்வாங்க?"

"நீ ஊசியைப் பாரு," என்றேன். "நான் உன்னைப் பாக்குறேன்."

கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமல், அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.